கிளஸ்டர் கணுக்களில் நெட்வொர்க் வழி லினக்ஸ் நிறுவல்: தடை எங்கே என்று கண்டறியும் முறை

மின்சாரம் கொடுத்ததும், எவரும் விசைப்பலகையைத் தொடாமலேயே கணு, அதாவது கிளஸ்டர் என்னும் கணினிக் கூட்டத்தின் ஒரு கணினி, நெட்வொர்க்கிலிருந்து துவங்கி, லினக்ஸைத் தன்மீது நிறுவிக்கொண்டு, கிளஸ்டரில் வந்து சேர்ந்துவிட வேண்டும். தானியங்கி நிறுவலிடம் நாம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். அது நடக்காதபோது திரையில் தெரிவதோ பெரும்பாலும் ஒரு கறுப்புப் பின்னணியும் அரைகுறையான ஒரு பிழைச்செய்தியும் மட்டுமே. அந்தச் செய்தியைப் பார்த்தவுடன், நிறுவியின் கேள்விகளுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதிவைத்த கிக்ஸ்டார்ட் கோப்பைத் திறந்து திருத்தத் தொடங்குவதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. கணு அந்தக் கோப்பைக் கேட்கும் கட்டத்துக்கே வந்திருக்காது என்பது பிறகுதான் தெரிய வரும்.

இக்கட்டுரை ரெட் ஹாட் வழிவந்த விநியோகங்களையும் அவற்றின் அனகோண்டா நிறுவியையும் முன்வைத்து எழுதப்பட்டது. டெபியனின் ப்ரிசீட், உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டால் ஆகியவற்றில் கோப்பின் வடிவம் வேறுபட்டாலும், நிறுவி எழும்வரையிலான பாதை ஏறத்தாழ ஒன்றே.

நெட்வொர்க் கார்டின் ஃபெர்ம்வேர், அதாவது கார்டிலேயே பதிந்துள்ள சிறு நிரல், முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி நெறி வழியாக ஒரு முகவரியைப் பெறுகிறது. அதனுடன் வந்த கோப்புப் பெயரைக் கொண்டு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறி வழியாகத் துவக்க நிரலை இறக்குகிறது. துவக்க நிரல் லினக்ஸின் மையமான கெர்னலையும், அது எழும்போது தேவைப்படும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியையும் இறக்கி இயக்குகிறது. கெர்னல் எழுந்தபின் இனிட்ஆர்டியில் உள்ள டிராகட் என்ற துவக்கக் கருவி மீண்டும் டிஎச்சிபி கேட்டு, கிக்ஸ்டார்ட் கோப்பையும் நிறுவியின் இரண்டாம் கட்டப் படிமத்தையும் எச்டிடிபி வழியாகப் பெறுகிறது. நிறுவல் முடிந்து வட்டிலிருந்து எழும் இயங்குதளம் மூன்றாவது முறையாக டிஎச்சிபி கேட்கிறது. ஆக, ஒரே கணு ஒரே கேள்வியை மூன்று வெவ்வேறு மென்பொருள்களின் வாயால் கேட்கிறது. ஃபெர்ம்வேருக்குக் கிடைத்த முகவரி, நாம் வெளிப்படையாகச் சொல்லாதவரை, கெர்னலுக்குப் போய்ச் சேர்வதில்லை. “சற்று முன்புதானே நெட்வொர்க் வேலை செய்தது, இப்போது எப்படி இல்லாமல் போகும்” என்ற குழப்பம் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆகவே, எந்தத் திருத்தத்துக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மூன்றில் எந்தக் கைமாற்றத்தில் கணு நின்றுபோனது என்பதே.

கணுவின் திரையை விட சர்வரை நம்புங்கள்

தடுமாறும் கணுக்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அணைத்துவிடுங்கள். நிறுவல் சர்வரில் மூன்று இடங்களைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்: டிஎச்சிபி சர்வரின் பதிவு, இணைய சர்வரின் அணுகல் பதிவு, கணுக்களை நோக்கியுள்ள இடைமுகத்தில் ஓடி, அதில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவி. டிசிபிடம்ப்பை வடிகட்டும்போது 67, 68, 69 என்ற போர்ட் எண்களைக் கொடுப்பது பலரது வழக்கம். அதைத் தவிர்த்து, கணுவின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரியைக் கொண்டு வடிகட்டுவதே சரி. டிஎஃப்டிபியில் முதல் கோரிக்கை மட்டுமே 69ஆம் போர்ட்டுக்குப் போகும். சர்வர் தன் பதிலைப் புதிதாகத் திறந்த வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்புவதால், போர்ட் எண்ணை நம்பியவர் கண்ணுக்கு அந்த உரையாடலில் பாதி தெரியாது.

கணுவின் திரையும் வேண்டும்தான், ஆனால் நேரில் போய்ப் பார்க்கும் திரை அல்ல. கெர்னலுக்கான கட்டளை வரியில் சீரியல் கன்சோலை, அதாவது டிடிஒய்எஸ்0 அல்லது அந்தக் கணுவுக்குரிய சீரியல் சாதனத்தை, 115200 வேகத்தில் கொடுத்துவிட்டு, கணுவைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐ வழியாக அந்தக் கன்சோலின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்தால், கண் இமைக்கும் நேரத்தில் ஓடி மறையும் செய்திகளைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். கைப்பேசியில் திரையைப் படமெடுத்து அலைவதை விட இது எவ்வளவோ மேல்.

இனி அந்தப் பதிவுகளை வரிசையாகப் படியுங்கள். டிஎச்சிபி பதிவில் கணுவின் மேக் முகவரியே இல்லையென்றால், சிக்கல் சுவிட்சிலோ கேபிளிலோ விலேன் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) அமைப்பிலோ உள்ளது. அது இருந்து, அணுகல் பதிவில் ஒன்றுமே இல்லையென்றால், ஃபெர்ம்வேரிலோ துவக்க நிரலிலோ கெர்னலிலோ கணு நின்றிருக்கிறது. கிக்ஸ்டார்ட் கோப்பு இறங்கிய வரி இருந்தால் மட்டுமே அந்தக் கோப்பைச் சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு.

ஃபெர்ம்வேர் நிற்கும் இடங்கள்

பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க்கிலிருந்து துவங்குவதற்காக இன்டெல் வகுத்த நெறி, அதன் 2.1ஆம் பதிப்பு 1999இல் வெளியானது. பழைய பயாஸ் முறையில் துவங்கும் கணுக்கள் காட்டும் பிழை எண்கள் இன்றும் பயனுள்ளவை. பிஎக்ஸ்இ-இ61 என்றால் கேபிள் இணைப்பே தெரியவில்லை. இ51 என்றால் டிஎச்சிபி அழைப்புக்கு எவரும் பதிலளிக்கவில்லை. இ53 என்றால் முகவரி வந்தது, ஆனால் துவக்கக் கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் டிஎஃப்டிபி சர்வரிடமிருந்து பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது. பயாஸுக்குப் பின்வந்த யூஇஎஃப்ஐ முறையில் இதே நிலைமைகளுக்கு வேறு எண்கள் வரும். அவற்றில் இ16 டிஎச்சிபி பதில் வராததையும், இ18 சர்வர் குறித்த நேரத்தில் பேசாததையும், இ23 டிஎஃப்டிபி சர்வரே பிழை என்று சொன்னதையும் குறிக்கின்றன.

இ51 அல்லது இ16 வரும்போது டிசிபிடம்ப் மூன்று விதமான காட்சிகளில் ஒன்றைக் காட்டும். முகவரி கேட்கும் கணுவின் டிஸ்கவர் பாக்கெட் சர்வருக்கு வரவே இல்லையென்றால் சுவிட்சைப் பாருங்கள். டிஸ்கவர் வந்தும் சர்வர் ஆஃபர் என்ற பதிலை அனுப்பவில்லை என்றால், அந்த மேக் முகவரிக்கான பதிவில் எழுத்துப் பிழை இருக்கலாம், முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம், அல்லது டிஎச்சிபி சர்வர் தவறான இடைமுகத்தில் காத்திருக்கலாம். ஆஃபர் போயும் கணு மீண்டும் மீண்டும் டிஸ்கவரையே அனுப்பினால், பதில் திரும்பும் வழியில் அறுபடுகிறது, அல்லது அந்த ஆஃபரில் ஃபெர்ம்வேர் எதிர்பார்த்த ஏதோ ஒன்று இல்லை. நான்காவதாக ஒன்றும் உண்டு: உங்களுக்குத் தெரியாத இன்னொரு டிஎச்சிபி சர்வர் முந்திக்கொண்டு பதிலளிப்பது. சோதனைக்காக யாரோ செருகிவிட்டு மறந்துபோன ஒரு சிறு ரவுட்டர் போதும். ஆஃபர் பாக்கெட்டை அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தால் உடனே அகப்பட்டுவிடும்.

சுவிட்ச் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் “சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை” என்ற வகைப் புகார்களில் பெரும்பங்கு இங்கே முடிகிறது. நெட்வொர்க்கில் சுழற்சி ஏற்படாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கும் சுவிட்சில் ஒரு போர்ட் உயிர்பெற்றதும், பழைய நெறிப்படி, 15 நொடிகள் கேட்கும் நிலையிலும் 15 நொடிகள் கற்கும் நிலையிலும் இருந்துவிட்டுத்தான் தரவைக் கடத்தத் தொடங்கும். பிஎக்ஸ்இ நெறி 4, 8, 16, 32 நொடிகள் என்று நான்கு முயற்சிகளைச் சொல்வதால் இந்த 30 நொடியை ஃபெர்ம்வேர் தாங்கிக்கொள்ளக் கூடும்; பொறுமை குறைந்த ஃபெர்ம்வேர்கள் அதற்குள் கைவிட்டுவிடும். தாங்கிக்கொண்டாலும் தொல்லை முடிவதில்லை. கெர்னலின் டிரைவர் நெட்வொர்க் கார்டை மீட்டமைக்கும்போது இணைப்பு ஒரு கணம் அறுபட்டுத் திரும்புகிறது. சுவிட்ச் மறுபடியும் 30 நொடி கணக்கைத் தொடங்குகிறது. இம்முறை டிராகட் நேரம் கடந்து தோற்கிறது. கணுக்கள் செருகப்பட்ட போர்ட்களை எட்ஜ் போர்ட் என்றும், சில நிறுவனங்களின் மொழியில் போர்ட்ஃபாஸ்ட் என்றும் அழைக்கப்படும் நிலைக்கு மாற்றினால் இந்தக் காத்திருப்பு நீங்கும்.

இரண்டு கேபிள்களை எல்ஏசிபி முறையில் ஒன்றாகக் கட்டிய கணுக்களுக்கும் இதற்கிணையான சிக்கல் உண்டு. ஃபெர்ம்வேருக்கு எல்ஏசிபி பேசத் தெரிவதில்லை. மறுமுனையின் குரல் கேட்காத சுவிட்ச் அந்தப் போர்ட்டை நிறுத்தி வைத்துவிடுகிறது. எல்ஏசிபி இல்லாதபோது தனிப் போர்ட்டாக இயங்க விடும் அமைப்பு பெரும்பாலான சுவிட்சுகளில் இருக்கிறது. அதை இயக்க வேண்டும்.

இ53 வந்தால், கணு எந்த முறையில் துவங்குகிறது என்று பாருங்கள். டிஎச்சிபியின் 93ஆம் விருப்பத்தில் கணு தன் வகையைத் தெரிவிக்கிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ, 11 என்றால் 64 பிட் ஆர்ம். இந்த எண்ணைப் பார்த்துக் கோப்புப் பெயரைத் தேர்ந்து கொடுக்கும் விதி டிஎச்சிபி சர்வரில் இல்லாமல், எல்லாருக்கும் பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற துவக்க நிரலின் பயாஸ் கோப்பையே நீட்டினால், யூஇஎஃப்ஐ கணு கோப்பை முழுதும் இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த துவக்கச் சாதனத்துக்குப் போய்விடும். கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட் இயக்கப்பட்ட கணுவுக்கு, கையொப்பமிட்ட ஷிம் என்ற முன்துவக்கக் கோப்பையும், அதே விநியோகத்திலிருந்து எடுத்த கிரப் துவக்க நிரலின் கோப்பையும் ஒரே அடைவில் வைக்க வேண்டும்.

டிஎஃப்டிபியின் தனிக் குணங்கள்

டிஎஃப்டிபி கட்டத்தில் சோதனையை சர்வரிலிருந்தே செய்து பார்த்துவிட்டு “இங்கே வேலை செய்கிறது” என்று சொல்வதில் பயனில்லை. அந்தக் கோரிக்கை ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை. அதே விலேனில் உள்ள வேறொரு கணினியிலிருந்து கோப்பை இறக்கிப் பாருங்கள். முன்பு சொன்னபடி பதில் வேறு போர்ட்டிலிருந்து வருவதால், இடையில் ஃபயர்வால் இருந்தால் டிஎஃப்டிபியைப் புரிந்துகொள்ளும் கண்காணிப்பு உதவி நிரல் கெர்னலில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். 69ஐ மட்டும் திறந்துவிட்டால் போதாது.

கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது சர்வர் என்றால், முதலில் அனைவருக்கும் படிக்கும் உரிமை உள்ளதா என்று பார்த்துவிட்டு, அடுத்து, கோப்புகளுக்கு முத்திரையிட்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸைப் பாருங்கள். வீட்டு அடைவிலிருந்து கோப்பை எம்வி கட்டளையால் நகர்த்தினால் பழைய முத்திரையும் கூடவே வந்துவிடும். ரீஸ்டோர்கான் கட்டளை அதைச் சரிசெய்யும். எஸ்இலினக்ஸை ஒரேயடியாக அணைத்துவிடும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெதுவாக இறங்குவதும் பாதியில் நிற்பதும் தொகுதி அளவைப் பொறுத்தவை. டிஎஃப்டிபி இயல்பாக 512 பைட் தொகுதிகளாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வந்த பின்பே அடுத்ததை அனுப்புகிறது. 100 எம்பி இனிட்ஆர்டி ஒன்றுக்கு இப்படி 2,04,800 முறை போய்வர வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை மில்லிநொடி என்றாலே 100 நொடிக்கு மேல் ஆகிவிடும். தொகுதி எண் 16 பிட் மட்டுமே என்பதால், 512 பைட் அளவில் 32 எம்பியைத் தாண்டியதும் எண்ணிக்கை தீர்ந்துபோய், சில ஃபெர்ம்வேர்கள் அங்கேயே நின்றுவிடும். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ 1500 பைட்டாக உள்ள நெட்வொர்க்கில் 1468 பைட் வரையிலான தொகுதி துண்டாகாமல் போகும். அதற்கு மேல் வைத்தால் பாக்கெட் துண்டுகளாகி, துண்டுகளைக் கையாளத் தெரியாத ஃபெர்ம்வேர் தடுமாறும். என் விருப்பம், துவக்க நிரலை மட்டும் டிஎஃப்டிபியில் வைத்துவிட்டு, கெர்னலையும் இனிட்ஆர்டியையும் ஐபிஎக்ஸ்இ அல்லது கிரப் துவக்க நிரல் மூலம் எச்டிடிபியில் இறக்குவது. சிக்கல் குறைவதோடு, அணுகல் பதிவில் தடயமும் கிடைக்கும்.

பிஎக்ஸ்இலினக்ஸ் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் வரிசை தெரியாமல் நேரத்தை இழந்தவர்கள் பலர். முதலில் கணுவின் தனி அடையாள எண்ணான யூயூஐடி. அடுத்து 01 என்ற முன்னொட்டுடன், சிறிய எழுத்துகளில், இடைக்கோடுகளால் பிரித்த மேக் முகவரி. அதன்பின் பெரிய எழுத்துகளில் பதினாறடிமான எண்ணாக எழுதிய ஐபி முகவரி. 192.168.10.21 என்பது சி0ஏ80ஏ15 ஆகும்; அது கிடைக்காவிட்டால் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே தேடி, இறுதியில் டிஃபால்ட் கோப்புக்கு வரும். மேக் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. கணு அமைதியாக டிஃபால்ட் கோப்பைப் பிடித்துக்கொண்டு, வேறெதையோ நிறுவத் தொடங்கும்.

கெர்னல் எழுந்தபின்

டிராகட் இனிட்கியூ நேரம் கடந்தது என்ற செய்திகள் ஓடி, கடைசியில் அவசர ஷெல் வருகிறதென்றால் வருந்த வேண்டாம். கையில் ஒரு ஷெல் இருப்பது நல்வாய்ப்பு. ஐபி கட்டளையால் இடைமுகங்களைப் பட்டியலிடுங்கள். நெட்வொர்க் கார்டே தெரியவில்லை என்றால், அதற்கான டிரைவரோ ஃபெர்ம்வேர் கோப்போ இந்த இனிட்ஆர்டியில் இல்லை. வன்பொருள் புதியதாகவும் விநியோகம் பழையதாகவும் இருக்கும்போது இது நேரும். கார்டு தெரிந்து இணைப்புச் சமிக்ஞை இல்லையென்றால், சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். பிறகு வந்துவிட்டால், சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் நேரத்தை டிராகட்டின் கெர்னல் அளவுருவால் நீட்டலாம். சமிக்ஞை இருந்தும் முகவரி இல்லையென்றால் ஸ்பேனிங் ட்ரீயிடம் திரும்பிப் போங்கள். முகவரியும் இருந்தால், கிக்ஸ்டார்ட் கோப்பின் முகவரியைக் கர்ல் கட்டளையால் கேட்டுப் பாருங்கள். வழி, டிஎன்எஸ், எழுத்துப் பிழை ஆகிய மூன்றில் எது குற்றவாளி என்பது ஒரே கட்டளையில் தெரிந்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் கார்டுகள் உள்ள கணுக்களில், ஃபெர்ம்வேர் ஒரு கார்டில் துவங்க, டிராகட் இன்னொரு கார்டில் டிஎச்சிபி கேட்டுக்கொண்டிருக்கும். துவங்கிய கார்டின் மேக் முகவரியை பூட்இஃப் என்ற அளவுருவாகக் கெர்னலுக்குக் கடத்தினால் இது தீரும். பிஎக்ஸ்இலினக்ஸில் ஐபிஅப்பெண்ட் வரியில் 2 என்று எழுதுவது இதற்காகவே. கிரப்பில் அந்த அளவுருவை நாமே கட்டளை வரியில் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டப் படிமம் இறங்கியபின் வரும் விநோதமான பிழைகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பதிப்பு முரண்தான். நிரல் தொகுப்புகள் உள்ள களஞ்சியத்தைப் புதிய பதிப்புக்குப் புதுப்பித்துவிட்டு, டிஎஃப்டிபி அடைவில் பழைய கெர்னலையும் இனிட்ஆர்டியையும் அப்படியே விட்டுவிட்டால், ஓடும் கெர்னலுக்கும் படிமத்திலுள்ள மாட்யூல்களுக்கும் பொருத்தமிருக்காது. வட்டு தெரியவில்லை, கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்றெல்லாம் செய்தி வரும். மூன்றையும் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுத்து, செக்சம் ஒப்பிடுங்கள். எச்டிடிபிஎஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கணுவின் கடிகாரத்தையும் பாருங்கள். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கிய கணுவுக்கு, உங்கள் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத ஒன்று.

கிக்ஸ்டார்ட் கோப்பு

கேஎஸ்வாலிடேட்டர் கருவி இலக்கணத்தை மட்டுமே சரிபார்க்கும். பகுதியை முடிக்கும் எண்ட் வரி விடுபட்டதை அது சொல்லும், இல்லாத வட்டின் பெயரை எழுதியதைச் சொல்லாது. கோப்பை ஒரு நிரல் கணுவுக்கேற்ப உருவாக்கித் தருகிறதென்றால், அந்தக் கணுவின் பெயரால் கோப்பை இறக்கிக் கண்ணால் படியுங்கள். உருவாக்கும் நிரல் தடுக்கி விழுந்து, பிழைப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை 200 என்ற வெற்றிக் குறியுடன் அனுப்பியிருக்கக் கூடும்.

நிறுவி உறைந்துவிட்டதுபோல் தோன்றினால், அது ஏதோ ஒரு கேள்விக்கு விடை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்றே முதலில் கருதுங்கள். கோப்பில் சிஎம்டிலைன் முறையைக் குறிப்பிட்டால், கேள்வி எழும் இடத்தில் நிறுவல் நின்றுபோய்க் காரணத்தையும் சொல்லும். விடுபட்டது நேர மண்டலமா, ரூட் கடவுச்சொல்லா, வட்டுப் பிரிவா என்பது அப்போது தெரியும்.

வட்டு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு துவக்கத்திலும் மாறலாம். எல்லாப் பிரிவுகளையும் அழி என்ற கட்டளை, சேமிப்புக் கணுவின் தரவு வட்டுகளையும் சேர்த்தே துடைத்துவிடும். இக்னோர்டிஸ்க் கட்டளையில், வட்டின் நிலையான பாதைப் பெயரைக் கொடுத்து, அந்த ஒரே வட்டை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். வட்டுகளை இணைக்கும் ரெய்டு, எல்விஎம் அமைப்புகளின் பழைய அடையாளங்கள் மிஞ்சியிருந்து நிறுவி மறுத்தால், நிறுவலுக்கு முன் ஓடும் ப்ரீ பகுதியில், அவற்றை அழிக்கும் வைப்எஃப்எஸ் கட்டளையை அந்த ஒரு வட்டுக்கு மட்டும் ஓட்டலாம்.

நிறுவலுக்குப் பின் ஓடும் போஸ்ட் பகுதியில் எழும் பிழையை அனகோண்டா தானாகப் பொருட்படுத்துவதில்லை. நிறுவல் வெற்றி என்று முடிந்து, எழுந்த கணுவில் பாதி அமைப்புகள் இல்லாமல் இருக்கும். பிழை வந்தால் நிறுத்து என்ற விருப்பத்தையும் பதிவுக் கோப்பின் பெயரையும் அந்தப் பகுதியின் தொடக்க வரியிலேயே எழுதிவிடுங்கள். நிறுவி ஓடும்போது அதன் பதிவுகள் டிஎம்பி அடைவில், பொது ஓட்டம், வட்டு, நிரல் தொகுப்பு என்று தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். முடிந்தபின் அவை வட்டில் லாக் அடைவின்கீழ் அனகோண்டா என்ற துணை அடைவுக்குப் போகும். நிறுவியின் எஸ்எஸ்எச் சேவையைக் கெர்னல் அளவுரு மூலம் இயக்கி வைத்தால், இருக்கையை விட்டு எழாமலேயே இவற்றைப் படிக்கலாம்.

முடிந்தபின் மீண்டும் தொடங்கும் நிறுவல்

நெட்வொர்க்கை முதலாவதாக வைத்த துவக்க வரிசையில், நிறுவி முடித்த கணு மறுபடி துவங்கியதும் மீண்டும் நிறுவலுக்கே போகும். போஸ்ட் பகுதியின் கடைசி வரியில் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பி, அந்தக் கணுவின் துவக்கக் கோப்பை உள் வட்டுக்கு மாற்றச் செய்வது வழக்கமான தீர்வு. துவக்க வரிசையில் வட்டையே முதலில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் ஐபிஎம்ஐ வழியாக ஒரு முறைக்கு நெட்வொர்க் துவக்கம் கேட்பது எனக்குப் பிடித்த முறை. ஐபிஎம்ஐடூலில் யூஇஎஃப்ஐ விருப்பத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், சில கணுக்கள் அந்த ஒரு முறை பயாஸ் முறைக்குத் தாவிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவியபின் கணு வேறு ஐபி முகவரியில் எழுந்தால் வியப்பில்லை. டிஎச்சிபி கேட்கும் மூவரும் வெவ்வேறு கிளையன்ட் அடையாளங்களை அனுப்பினால், சர்வர் அவர்களை மூன்று தனித்தனிக் கணினிகளாக எண்ணிக்கொண்டு மூன்று முகவரிகளைத் தரும். 100 கணுக்களுக்கு 120 முகவரிகள் போதும் என்று கணக்கிட்டவரின் பட்டியல் பாதி வழியில் தீர்ந்துபோவது இதனால்தான். மேக் முகவரிக்கு நிலையான ஒதுக்கீடு செய்து, கிளையன்ட் அடையாளத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சர்வருக்குச் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் துவக்கும்போது

தனியாகத் துவக்கினால் நன்றாக நிறுவிக்கொள்ளும் கணு, கூட்டத்தில் மட்டும் தோற்றால், அமைப்பில் பிழை தேட வேண்டாம், கணக்கைப் போடுங்கள். 64 கணுக்கள், கணுவுக்கு 2 ஜிபி என்றால் மொத்தம் 128 ஜிபி. ஒரு கிகாபிட் இணைப்பு உள்ள சர்வர் நொடிக்கு 118 எம்பி அளவில் முழு வேகத்தில் அனுப்பினாலும் ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஆகும். அந்த நெரிசலில் டிஎஃப்டிபியின் சின்னஞ்சிறு பாக்கெட்டுகள்தான் முதலில் தொலையும். முதல் 8 கணுக்களைத் துவக்குங்கள். அவை அனைத்தும் துவக்க நிரலையும் இனிட்ஆர்டியையும் கடந்து நிரல் தொகுப்புகளை இறக்கத் தொடங்கிவிட்டதை அணுகல் பதிவில் பார்த்த பின்பு, அடுத்த 8 கணுக்களுக்கு மின்சாரம் கொடுங்கள். சர்வரின் இணைப்பு நிரம்பவில்லை என்றால் எண்ணிக்கையை 16 ஆக உயர்த்திப் பார்க்கலாம்.